யார் கொடுக்க, யார் பிழைக்க?

விஞ்ஞானத்தின் புதிய சாதனை எதையேனும் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவரிடையே இரண்டு குரல்கள் கேட்பதுண்டு. ஒன்று, மனித குலத்தின் துயரமெல்லாம் நாளைக் காலையே தீர்ந்துவிடும் என்று குதூகலிக்கும் குரல். மற்றது, மனிதன் கடவுளின் தொழிலிற் கைவைத்துவிட்டான், இனி உலகம் உருப்படாது என்று அங்கலாய்க்கும் குரல். குருத்துக் கலங்கள் பற்றிய ஆராய்ச்சி உலகின் கவனத்தை ஈர்த்த நாள் முதலாக இவ்விரு குரல்களும் ஓயாது ஒலித்து வருகின்றன. ஆயின் இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. யாருடைய உடலிலிருந்து எடுக்கிறார்கள்? யாருடைய உடலுக்குக் கொடுக்கிறார்கள்? இடையில் நின்று விலை பேசுபவர் யார்? நம்மைப் போன்ற ஏழை நாட்டு மக்கள் கேட்டேயாக வேண்டிய கேள்வி இதுவென்பது என் எண்ணம். அதனை இங்கு எழுப்புவதற்கு என் சொந்த வாழ்வில் நேர்ந்த இரண்டு அனுபவங்களும் காரணமாயின.

இந்த ஆராய்ச்சி இன்னதென முதலிற் கூறுவது முறை. முப்பது வருட காலம் உயிரியல் கற்பித்தவன் நான். கரும்பலகைக்கு முன் நின்று சொல்வதுபோலவே சொல்கிறேன். நமது உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. தோலின் கலம் தோலாகவே இருந்து மடிகிறது. நரம்பின் கலம் நரம்பாகவே இருந்து மடிகிறது. ஆனால் தானும் பெருகி, தன்னிலிருந்து வேறு வகைக் கலங்களையும் தோற்றுவிக்க வல்ல சில கலங்கள் உடலில் உள்ளன. பனையின் ஓலைகள் முற்றிக் காய்ந்து விழுந்தாலும், நடுவிலுள்ள குருத்திலிருந்து புதிய ஓலை விரிந்துகொண்டேயிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அத்தகைய குருத்தின் தன்மை உடையனவாதலின் இவற்றைக் குருத்துக் கலங்கள் என்கிறோம். தமிழகத்தார் குருத்தணு என்று எழுதுவதும் இவற்றையே.

1961 ஆம் ஆண்டில், கனடாவின் ரொறன்ரோ நகரில், ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ட் மக்கலொக் என்ற இருவர், கதிர்வீச்சினால் குருதி ஆக்கும் ஆற்றலை இழந்த எலிகளுக்கு வேறு எலிகளின் என்பு மச்சையைச் செலுத்தினர். சில நாட்களில் அவற்றின் மண்ணீரலிற் சிறு கணுக்கள் தோன்றின. ஒவ்வொரு கணுவும் தனியொரு கலத்திலிருந்து பெருகியதென்பது அடுத்த சில ஆண்டுகளில் நிறுவப்பட்டது. அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் 1950களிலேயே தொடங்கியிருந்த என்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு இது உறுதியான அத்திவாரமாயிற்று. குருதிப் புற்றுநோயால் மடிந்திருக்க வேண்டிய இலட்சக்கணக்கானோர் இன்று உயிரோடிருப்பது இச்சிகிச்சையாலேயே. தோமஸுக்கு 1990 இல் நொபெல் பரிசு கிடைத்தது. எனவே குருத்துக் கலச் சிகிச்சை என்பது வெறும் கனவென்று கூறுவோர் தவறுகின்றனர். அதன் ஒரு கிளை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காய்த்துப் பயன் தந்துகொண்டிருக்கிறது.

வாதப் பிரதிவாதங்கள் எழுந்தது மற்றொரு கிளையைப் பற்றியே. தாயின் சூலும் தந்தையின் விந்தும் சேர்ந்து ஐந்து நாட்களான முளையத்தின் உட்பகுதியிலுள்ள கலங்கள், உடலின் எவ்வுறுப்பின் கலமாகவும் மாற வல்லவை. 1981 இல் கேம்பிரிட்ஜில் மாட்டின் எவன்ஸும் மத்தியூ கவ்மனும் எலியின் முளையத்திலிருந்து இத்தகைய கலங்களைப் பிரித்து வளர்த்தனர். அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கேயில் மாட்டின் என்ற பெண்மணியும் தனியாக இதனைச் செய்தார். 1998 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தொம்சன், மனித முளையத்திலிருந்து அவற்றைப் பெற்றார். குழந்தைப்பேறு வேண்டி ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டு, பின்னர் தேவைப்படாது எஞ்சிய முளையங்களை, உரியவர்கள் சம்மதித்து வழங்கியிருந்தனர். கலங்களை எடுக்கும்போது முளையம் அழிந்துவிடும். வாதத்தின் மையம் இதுவே.

ஐந்து நாள் முளையம் மனித உயிரா, இல்லையா? என்னோடு கற்பித்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் இக்கேள்வியை முழு மனத்துடன் கேட்பவர். அவரோடு பல மாலைகள் வாதித்திருக்கிறேன். அவருடைய கவலையை நான் ஏளனஞ் செய்வதில்லை. மனித உடலைச் சரக்காகக் கருதக்கூடாது என்ற உணர்வு அதனடியில் இருப்பதை நான் மதிக்கிறேன். பிரித்தானியாவில் மேரி வார்னொக் தலைமையிலான குழு 1984 இல் அறிக்கை வெளியிட்டு, 14 நாட்களுக்கு மேல் முளையத்தை ஆய்வுகூடத்தில் வளர்க்கலாகாது என்று எல்லை வகுத்தது. 1990 இல் அது சட்டமாயிற்று. வேறுபட்ட நம்பிக்கையுடையோர் ஒன்றாக வாழும் சமுதாயத்திற் பொதுவான வரம்பொன்றைப் பேசித் தீர்மானிக்க முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 2001 ஓகஸ்ட் 9 ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், அன்று வரை உருவாக்கப்பட்டிருந்த கல வரிசைகளைப் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் வழங்கப்படும் என்று அறிவித்தார். முளையத்தின் புனிதத்தைக் காக்கும் தீர்மானமென அது போற்றப்பட்டது. ஆனால் அதனைக் கூர்ந்து நோக்குமிடத்து ஒருண்மை புலனாகும். தடை மக்களின் வரிப் பணத்துக்கே; தனியார் கம்பெனிகளின் பணத்துக்கு எவ்விதத் தடையும் இல்லை. முளையத்தை அழிப்பது பாவமாயின், அரசாங்கம் செய்தால் மட்டுந்தானா பாவம்? கம்பெனி செய்தால் அது வியாபாரமாகிவிடுகிறதா? பொதுப்பணத்தின் வாயிலை அறம் காவல் காத்தது; பின்வாயிலால் மூலதனம் தாராளமாக உள்ளே சென்றது. இக்கட்டுப்பாட்டை 2009 மார்ச்சில் ஒபாமா நீக்கினார்.

தொம்சனுடைய 1998 ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்கே பணம் கொடுத்தது ஜெரோன் என்ற கம்பெனி. முளையத்தை அழிக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் பணத்தைச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தமையால் அவர் தனியாரிடம் செல்ல நேர்ந்தது. இக்கம்பெனி 2010 ஒக்டோபரில், முண்ணாண் முறிந்து இயங்க முடியாதிருந்தோருக்கு முளையக் கலங்களிலிருந்து வளர்த்த கலங்களைச் செலுத்தும் பரிசோதனையைத் தொடங்கியது. மனிதரில் இத்தகைய பரிசோதனை நடந்தது அதுவே முதன்முறை. உலகெங்கும் சக்கர நாற்காலிகளில் இருந்தோர் அச்செய்தியை எவ்வாறு வாசித்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். ஓராண்டு கழிந்து, 2011 நவம்பரில், கம்பெனி அப்பரிசோதனையை நிறுத்தியது. சிகிச்சை ஆபத்தானதென்று கண்டா நிறுத்தினார்கள்? இல்லை, பணத்தை வேறு மருந்துகளில் இடுவது கம்பெனிக்கு உகந்ததென்று கணக்கிட்டார்கள். கணக்கேட்டின் ஒரு வரி, ஒரு சில நோயாளரோடு அந்தப் பரிசோதனையை முடித்துவைத்தது. முளையத்தின் பொருட்டுக் கொதித்தெழுந்தோரில் எத்தனை பேர் இதற்காக ஒரு வார்த்தை பேசினர்?

கொடுப்பவரின் நிலை என்ன என்பதற்குத் தென் கொரியாவில் நடந்ததைக் காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை. சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்வாங் வூ சுக், நோயாளியின் சொந்தக் கலத்தின் கருவைப் பெண்ணொருத்தியின் சூலினுள் வைத்து முளையமாக வளர்த்து, அதிலிருந்து குருத்துக் கலங்களைப் பெற்றுவிட்டதாக 2004 இலும் 2005 இலும் அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். நாடு அவரைத் தேசிய வீரராக்கிற்று. 2005 இல் வெளியான தபால் முத்திரை ஒன்றில், சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து, நடந்து, துள்ளி, இன்னொருவரைத் தழுவும் காட்சி பொறிக்கப்பட்டிருந்தது. ஒரேயொரு நோயாளிகூட எழுந்து நடக்காத காலத்தில் வெளிவந்த முத்திரை அது!

உண்மை வெளிப்பட்டது எவ்வாறு? தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் தயாரிப்பாளர்கள், உள்ளிருந்து வந்த தகவலைக் கொண்டு விசாரித்தனர். தேசத் துரோகிகள் என்று அவர்கள் மீது வசை பொழிந்தது, விளம்பரதாரர்கள் விலகினர். பின்னர் பெயரற்ற இளம் விஞ்ஞானிகள், கட்டுரையிலுள்ள புகைப்படங்களிற் சில ஒன்றையே இரண்டாகக் காட்டியவை என்பதை எடுத்துக்காட்டினர். 2006 ஜனவரியிற் பல்கலைக்கழகக் குழு, முளையக் குருத்துக் கலங்கள் பற்றிய அவ்விரு கட்டுரைகளும் புனைந்துரைக்கப்பட்டவை என்று அறிவித்தது. 2009 இல் நீதிமன்றம், பணமோசடிக்கும் உயிரறச் சட்டத்தை மீறியமைக்கும் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

பொய்யுரைத்த பேராசிரியரின் கதை பலருக்கும் தெரியும். அப்பொய்க்காகத் தம் உடலைக் கொடுத்த பெண்களின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. 100க்கு மேற்பட்ட பெண்களிடமிருந்து 2000க்கு மேற்பட்ட சூல்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஒரு மாதத்தில் ஒரு சூலை முதிர்விக்கும் உடலைப் பல சூல்களை ஒருங்கே முதிர்விக்கச் செய்ய, நாள்தோறும் ஓமோன் ஊசி ஏற்ற வேண்டும். பின் ஊசியாற் குத்தி அவற்றை உறிஞ்சியெடுக்க வேண்டும். சிலருக்குச் சூலகம் வீங்கி நீர் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. கொரியாவிற் சிலர் பணம் பெற்றுக் கொடுத்தனர். வேறு சிலரோ அப்பேராசிரியரின் ஆய்வுகூடத்திலேயே வேலை செய்த இளம் பெண் ஆராய்ச்சியாளர்கள். தன் பட்டமும் தொழிலும் எவர் கையில் இருக்கின்றனவோ அவருக்கு ஒரு பெண் தன் உடலின் பகுதியைக் 'கொடையாக' வழங்கினாள் என்றால், அதனைச் சுதந்திரமான கொடை என்று எவ்வாறு அழைப்பது? தோட்டத் துரைக்குத் தொழிலாளி 'விருப்பத்தோடு' செய்த ஊழியங்களை நாம் அறிவோம். ஐந்து நாள் முளையத்தின் உரிமைக்காகப் பக்கம் பக்கமாக எழுதிய உலகம், அம்முளையத்தைத் தோற்றுவிக்க ஊசியேற்றிக்கொண்ட இருபத்தைந்து வயதுப் பெண்ணின் உரிமைக்கு ஒரு பந்தியைக்கூட ஒதுக்கத் தயங்கியது.

முளையத்தைப் பற்றிய தகராறு ஓரளவுக்குத் தணிய விஞ்ஞானமே வழிசெய்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனக்கா, நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்துவதன் மூலம் சாதாரண தோற் கலத்தையே முளையக் கலம் போன்றதாக மாற்றலாம் என்று 2006 இல் எலிகளிலும் 2007 இல் மனிதக் கலங்களிலும் காட்டினார். இதற்காக 2012 இல், தவளைகளில் இவ்வழியை 1962 இலேயே திறந்துவைத்த ஜோன் கேடனுடன் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று பலன்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. குருத்துக் கலங்களிலிருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கும் கலங்களை முழு அளவிற் பெற்ற 12 நீரிழிவு நோயாளரில் 10 பேருக்கு ஓராண்டின் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று 2025 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்கள் தொடர்ந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உட்கொள்ள வேண்டும் என்பதையும், எண்ணிக்கை சிறிது என்பதையும் மறக்கலாகாது. எனினும் இது உண்மையான முன்னேற்றம். இதனைக் கண்டு மகிழாதவன் விஞ்ஞான ஆசிரியனாக இருக்கத் தகுதியற்றவன்.

முளையத்தை அழிக்கும் கேள்வி பின்வாங்கியதும் அறத்தின் கேள்வி முடிந்துவிட்டதென்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அங்கேதான் என் முதலாவது அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலில் ஆசிரியனாக நியமனம் பெற்றுச் சென்றது குருநாகல் மாவட்டத்திலுள்ள ஒரு முஸ்லிம் பாடசாலைக்கு. எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வயதுக்குரிய வளர்ச்சி இல்லை. மஞ்சள் படர்ந்த முகம். மாதம் ஒருமுறை அவளுடைய வாங்கு வெறுமையாயிருக்கும். மறுநாள் வரும்போது முகத்திற் சிறிது தெளிவு இருக்கும். "நேத்து ரத்தம் ஏத்தின, சேர்" என்பாள், பக்கத்து வீட்டுக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. அவளுக்குத் தலசீமியா. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள பரம்பரையலகைப் பெற்ற பிள்ளையின் என்பு மச்சை, தகுந்த ஈமோகுளோபினை ஆக்க முடியாது. மாற்றார் குருதியே அவளது உயிர். அக்குருதியோடு சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேண்டும். இல்லையேல் இருதயமும் ஈரலும் கெடும். இந்நோய் நம் நாட்டிற் பரவலாகக் காணப்படும் மாவட்டங்களுள் குருநாகல் ஒன்று; தேசிய தலசீமியா நிலையம் அங்கு அமைந்திருப்பதும் அதனாலேயே. குருதியும் மருந்தும் இலவசம். கூலி வேலை செய்த அவள் தந்தை அதற்கென ஒரு சதமும் செலுத்தியதில்லை. நமது இலவச வைத்தியத்தின் அருமையை நான் கற்றது நூல்களிலன்று. அச்சிறுமியின் வெறும் வாங்கின் முன்னேயே கற்றேன். நான் இடமாற்றம் பெற்று வந்த பின், பதினெட்டு வயது நிரம்புமுன் அவள் இறந்துவிட்டாள் என்று அறிந்தேன்.

இன்று அந்நோயைக் குணமாக்க வழி உண்டு. நோயாளியின் சொந்தக் குருத்துக் கலங்களை வெளியே எடுத்து, பரம்பரையலகைத் திருத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு முன் கடுமையான மருந்தினால் பழைய மச்சையை வெறுமையாக்க வேண்டும்; இலகுவான சிகிச்சையன்று. ஆயினும் பெரும்பாலானோருக்கு அதன்பின் மாதாந்தக் குருதி தேவைப்படுவதில்லை. காஸ்ஜெவி என்ற இச்சிகிச்சை 2023 நவம்பரிற் பிரித்தானியாவிலும், தலசீமியாவுக்கென 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று கொண்டால் 66 கோடி ரூபா. மாதம் 60,000 ரூபா பெறும் ஆசிரியர் ஒருவர் ஒரு சதமும் செலவழியாது சேர்ப்பாராயின், 900 ஆண்டுகளுக்கு மேலாகும். மாணவர்களுக்கு நல்ல கணக்கு!

ஏழை நாடுகளுக்கு மட்டுந்தான் இக்கதி என்று எண்ண வேண்டாம். இதே நோய்க்கு ஐரோப்பாவில் 2019 இல் அங்கீகாரம் பெற்ற சின்டெக்லோ என்ற சிகிச்சைக்கு, புளூபேர்ட் பயோ என்ற கம்பெனி 15 இலட்சத்து 75 ஆயிரம் யூரோ விலை கூறியது. ஜெர்மன் அதிகாரிகளோடு விலை ஒத்துவராமையால், 2021 இற் கம்பெனி அங்கிருந்தும், பின்னர் ஐரோப்பா முழுவதிலிருந்தும் விலகிச் சென்றது. மருந்து வேலை செய்யவில்லை என்பதன்று. நோயாளர் இல்லை என்பதுமன்று. விலை படியவில்லை. அவ்வளவுதான். மறு ஆண்டு அமெரிக்காவில் அதே சிகிச்சை 28 இலட்சம் டொலருக்கு விற்பனைக்கு வந்தது. இவற்றுக்கு அடிப்படையான அறிவில் எவ்வளவு பங்கு பல்கலைக்கழகங்களில், பொதுமக்களின் பணத்தில், பல தலைமுறை விஞ்ஞானிகளால் சேர்க்கப்பட்டது! சமுதாயம் விதைத்ததைச் சிலர் அறுவடை செய்து, அச்சமுதாயத்துக்கே விலை கூறுகின்றனர்.

உண்மையான சிகிச்சை எட்டாத உயரத்தில் இருக்கும்போது, பொய்ச் சிகிச்சை வாசலுக்கே வருகிறது. இது என் இரண்டாவது அனுபவம். ஓய்வு பெற்று ஊரில் இருந்த காலத்தில், அயலில் வாழும் மேசன் ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். அவருடைய ஏழு வயது மகன் பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, கால்களை ஊன்ற முடியாதவன். வெளிநாடொன்றிலுள்ள ஒரு தனியார் நிலையத்தின் பிரசுரம் அது. குருத்துக் கலங்களை முதுகில் ஏற்றினால் பிள்ளை நடப்பான் என்ற வாக்குறுதியும், சிரிக்கும் குழந்தைகளின் படங்களும் அதில் இருந்தன.

"மாஸ்ரர், உதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோ. காணியை ஈடு வைச்சால் காசு காணும். நீங்கள் ஓமெண்டால் நான் வெளிக்கிடுறன்."

அதனை வாசித்தேன். எக்கலம், எங்கிருந்து எடுத்தது, எத்தனை பிள்ளைகளுக்கு ஏற்றி என்ன கண்டார்கள் என்பன பற்றி ஒரு வரியும் இல்லை. பணம் செலுத்தும் முறை மட்டும் தெளிவாயிருந்தது. நான் அறிந்தவற்றை அவருக்குச் சொன்னேன். நரம்பு நோயுற்ற இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு 2001 முதல் மொஸ்கோவில் இவ்வாறு கலங்கள் ஏற்றப்பட்டன; பின்னர் அவனுடைய மூளையிலும் முண்ணாணிலும் கட்டிகள் தோன்றின; அவை ஏற்றப்பட்ட கலங்களிலிருந்து வளர்ந்தவையென 2009 இல் வைத்தியர்கள் எழுதினர். புளோரிடாவில் 2015 இல் மூன்று பெண்கள் 5,000 டொலர் வீதம் செலுத்தி, தம் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கண்களில் ஏற்றுவித்து, பார்வையை இழந்தனர். உண்மையான பரிசோதனையில் நோயாளியிடம் சிகிச்சைக்கெனப் பெருந்தொகை கேட்பது வழக்கமன்று என்பதையும் சொன்னேன். அயல்நாடான இந்தியாவின் வைத்திய ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வகுத்த நெறிகளும், குருதி நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மச்சை மாற்றைத் தவிர்ந்த ஏனையவற்றை முறையான பரிசோதனையாக மட்டுமே செய்யலாம் என்கின்றன.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின் கேட்டார்: "அப்ப எங்களைப்போல ஆக்களின்ரை பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையோ, மாஸ்ரர்?"

காணி ஈடு போகவில்லை. ஆனால் பல வாரங்கள் அவர் என் படலைப் பக்கம் வரவில்லை. அவர் மனைவி சந்தையிற் கண்டபோது, "நீங்கள் படிச்ச மனிசர். இருந்த நம்பிக்கையையும் பறிச்சுப்போட்டியள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அச்சொல்லுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. உண்மையைச் சொல்வது ஆசிரியனின் கடமை. ஆனால் உண்மை மட்டும் ஒரு தாயின் மடியை நிரப்பாது. பையன் இப்போது அரசாங்க வைத்தியசாலையிற் கிழமைக்கு இருமுறை உடற்பயிற்சிச் சிகிச்சை பெறுகிறான். கம்பைப் பிடித்து நிற்கப் பழகுகிறான். அதற்குமேற் கூற எனக்கு உரிமையில்லை.

தந்தையின் கேள்வி மட்டும் என்னை விட்டகலவில்லை. ஒன்றும் இல்லையா? இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணிற் பட்டுப் பார்வை கெடும் பிள்ளைகள் நம் பகுதி நாடுகளில் அநேகர். கருவிழியின் ஓரத்திலுள்ள குருத்துக் கலங்கள் வெந்து போவதால், அதன் மேற்பரப்பு புதுப்பிக்கப்படாது மங்கிவிடுகிறது. மற்றக் கண்ணிலிருந்து சிறிதளவு எடுத்து, விலையுயர்ந்த ஆய்வுகூடத்தில் வளர்த்து ஒட்டுவது ஒரு முறை. ஐதராபாத்திலுள்ள எல். வி. பிரசாத் கண் நிலையத்தின் வைத்தியர் வீரேந்தர் சங்வான் முதலியோர் 2012 இல் அதனினும் எளிய முறையொன்றை வெளியிட்டனர். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து 2 மில்லிமீற்றர் அளவான துண்டொன்றை எடுத்து, அதனைச் சிறு சிறு கூறுகளாக்கி, பிரசவத்தின்பின் கிடைக்கும் சவ்வொன்றைக் கண்ணின்மேல் விரித்து அதன்மீது நட்டுவிடுகிறார்கள். நாற்று நட்டாற்போல அவை கண்ணின் மேலேயே பரவி வளர்கின்றன. கோடி ரூபா ஆய்வுகூடம் தேவையில்லை. அந்நிலையம் இலாப நோக்கற்றது. ஏழைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. விஞ்ஞானம் அதேதான். 'இதனை எவ்வளவுக்கு விற்கலாம்' என்று கேட்டவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது. 'இதனைக் கையிற் காசில்லாதவனுக்கு எவ்வாறு கொண்டுசெல்லலாம்' என்று கேட்டவர்களுக்கு வேறு விடை கிடைத்தது.

கொடுப்பதிலும் நம் நாட்டுக்கு ஒரு பாரம்பரியம் இருக்கிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் அமைத்த கண்தானச் சங்கம், 1964 இற் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அன்று முதல் பத்தாயிரக்கணக்கான கண்களை, இன மத பேதமின்றிப் பல நாடுகளுக்கும் இச்சிறு தீவு வழங்கியிருக்கிறது. இறந்த மீனவரின் கண், முன்பின் அறியாத வேற்று நாட்டவருக்கு ஒளி தருகிறது. குருநாகலில் என் மாணவியை அத்தனை வருடம் வாழவைத்ததும் பெயர் தெரியாத எத்தனையோ பேரின் குருதியே. அவர்களிற் சிங்களவர் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று குருதிப் போத்தலில் எழுதியிருக்கவில்லை. விலையின்றிக் கொடுக்கப்பட்டது விலையின்றியே சேர வேண்டும் என்ற இந்த நியதியையே குருத்துக் கல விஞ்ஞானத்துக்கும் நாம் வற்புறுத்த வேண்டும்.

அதாவது, பொதுப்பணத்திற் பிறந்த அறிவுக்குத் தனியொருவர் நினைத்த விலை வைக்கும் உரிமை கட்டுப்படுத்தப்பட வேண்டும். சூலோ, மச்சையோ, கலமோ கொடுப்பவர், தம் மேலதிகாரியின் கையை எதிர்பார்த்து நிற்பவராக இருத்தலாகாது. கொடுத்தபின் நோயுற்றால் அவரைப் பராமரிப்பது எடுத்தவரின் பொறுப்பாக வேண்டும். நிரூபிக்கப்படாத சிகிச்சையை விற்பதைச் சட்டம் தடுக்க வேண்டும். தலசீமியா தென்னாசிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான நோய். ஒவ்வொரு நாடும் தனித்தனியே கம்பெனியின் கதவைத் தட்டுவதிலும், இந்நாடுகளின் அரசாங்க வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் கூடி மலிவான வழியைத் தேடுவது அறிவுடைமை. அதுவரையில், திருமணத்துக்கு முன் இளைஞர் செய்துகொள்ளக்கூடிய எளிய குருதிப் பரிசோதனை ஒன்றே பல வீடுகளைத் துயரிலிருந்து காக்கும். இருவரும் குறையைக் காவுபவராயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டென்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்வான்.

இவற்றில் ஆசிரியரும் மாணவரும் ஆற்ற வேண்டிய பணி பெரிது. கிராமத்தில் ஒருவர் துண்டுப் பிரசுரத்தோடு அலையும்போது, அதனை வாசித்துச் சொல்ல யாராவது அங்கு இருக்க வேண்டும். பரீட்சைக்கெனக் கலத்தின் படத்தை வரைந்து பெயரிடப் பழக்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அக்கலம் யாருடையது, அதன் பயன் யாரைச் சேர்கிறது என்ற வினாவையும் வகுப்பிலே எழுப்ப வேண்டும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய தலைமுறையிலிருந்து வரும் விஞ்ஞானிதான், மேசனின் மகனுக்கும் கூலிக்காரனின் மகளுக்கும் எட்டும் விலையில் மருந்தைத் தேடுவான்.